பெல்ட்டில் போன மீசை

நான் ஒரு முட்டாள். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். நெய்வேலி சுரங்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கன்வேயர் பெல்ட்டை, கழன்று விழுந்த மீசைக்காக நிறுத்தியவன் நான். அந்த மீசையும் என்னுடையது இல்லை. வடலூரில் வாடகைக்கு எடுத்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாறுவேடப் போட்டிக்கு ஒட்டிக்கொள்கிற அளவு.

அசல் மீசையிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும்.

என் முகத்தில் பார்க்கும்படி இருந்தது அது ஒன்றுதான். மூக்கு, வாய், கன்னம் எல்லாம் மீசையை நிறுத்தி வைக்கக் கட்டிய ஸ்டாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டி மேலே ஏறி, காதுக்கு ஏதோ ரகசியம் சொல்லப் போவதுபோல நிற்கும். நான் பர்மனென்ட் ஆன வருஷம் வளர்க்க ஆரம்பித்தது. வேலை நிரந்தரமானதும் மனிதனுக்கு ஒரு தைரியம் வருகிறது. சிலர் கார் வாங்குவார்கள். நான் மீசை வைத்தேன்.

கொரோனா காலத்தில் ஊரே செல்போன் முன்னால் நின்று ஆடியபோது நானும் ரீல்ஸ் போட ஆரம்பித்தேன். மைன்ஸுக்குள் படம் பிடித்தால் வேலைக்கே உலை என்பதால் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், பலாமரத்தடிதான் என் ஸ்டூடியோ. கதை எப்போதும் ஒன்றுதான்: நைட் ஷிப்ட் முடித்து வரும் புருஷன், வீட்டில் பொண்டாட்டி. இரண்டு வேஷமும் நானே. மீசையை முறுக்கினால் புருஷன். தலையில் துண்டைப் போட்டு, மீசையைக் கையால் பொத்திக்கொண்டால் பொண்டாட்டி. அந்தப் பொண்டாட்டிக்கு ஒரே வசனம்: "தூக்கம் வருது மாமா."

வீட்டில் திருடன் புகுந்தாலும் தூக்கம் வருது மாமா. மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினாலும் தூக்கம் வருது மாமா. புருஷனுக்குப் பிரமோஷன் வந்தாலும் தூக்கம் வருது மாமா. இதற்கு ஜனங்கள் சிரித்தார்கள். கடலூர், விழுப்புரம், துபாய் வரைக்கும் சிரித்தார்கள். என் சானலின் பெயரிலேயே மீசை இருந்தது. ஷிப்ட் பஸ்ஸில் ஏறினால் டிரைவர், "மீசை ஏறிடுச்சா, போலாமா?" என்று கேட்டுத்தான் வண்டியை எடுப்பார். நான் ஏறினேனா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வசனத்தை நான் எழுதவில்லை. வீட்டிலிருந்தே எடுத்தேன். என் மனைவி என் அத்தை மகள். குறிஞ்சிப்பாடிப் பக்கம். நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்ச வருஷமாக அவளுக்கு எப்போதும் தூக்கம். தட்டைக் கழுவிக்கொண்டே கண் சொக்கும். உடம்பும் போட்டது. மே மாதத்தில் போர்வை கேட்பாள். நெய்வேலி வெயிலில் போர்வை கேட்கிற மனுஷியை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? தைராய்டு என்று ஒரு மாத்திரை, விடியற்காலையில் வெறும் வயிற்றில் போடுவாள். போட்டால் கொஞ்ச நேரத்துக்கு அவள் காபி குடிக்கக் கூடாதாம். அதுவரைக்கும் எனக்கும் காபி கிடையாது. தைராய்டைப் பற்றி எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். காபி லேட்டாகிற வியாதி.

ரீல்ஸ் பரவியதும் எங்கள் பிளாக்கில் சைக்கிள் விடுகிற பிள்ளைகளெல்லாம் எங்கள் கேட்டைத் தாண்டும்போது அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மந்தாரக்குப்பத்துக் காய்கறிக்கடையில், "இன்னாக்கா, தூக்கத்துலயே நடந்து வந்துட்டியா?" என்று கேட்பார்கள். அவள் எதுவும் சொன்னதில்லை. சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு படி மேலே போய், பெருமை என்றே எடுத்துக்கொண்டேன். முட்டாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேனே.

இப்படிப் புகழின் உச்சியில் நான் இருந்தபோது மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடை திறக்க ஏற்பாடாயிற்று. முதலாளி ஒரு சினிமா நடிகையைத்தான் கேட்டிருக்கிறார். கட்டுப்படியாகவில்லை. சின்னத்திரைக்கு இறங்கியிருக்கிறார். அதுவும் முடியவில்லை. கடைசியாக என்னிடம் வந்தார். ரிப்பன் வெட்டி, மைக்கில் கொஞ்சம் பேசி, அந்த வசனத்தை ஒரு தரம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் முகம் இல்லை. மீசை மட்டும், ஒரு லாரி நீளத்துக்கு. கீழே, "மீசை வருகிறது."

ஃப்ளெக்ஸ் ஏறிய வாரத்திலேயே மீசை இறங்க ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை, கண்ணாடி முன்னால் முறுக்கப் போன விரல் வழுக்கியது. வலது பக்கம், மூக்கை ஒட்டி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியே இல்லை. புண் இல்லை, அரிப்பு இல்லை. குழந்தையின் உள்ளங்கால் மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. ஷிப்ட் பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்து சீட்டில் உட்காரும் நண்பனிடம் காட்டினேன். அதே பெல்ட் லைனில் அடுத்த செக்‌ஷனில் வேலை பார்ப்பவன். உலகத்தில் எல்லா வியாதிக்கும் அவனிடம் சமையலறையிலேயே மருந்து உண்டு.

"மாப்ள, இது புழுவெட்டு."

"புழுவா?"

"நீ தூங்கிக்கினு இருக்கும்போது பூச்சி வந்து மேஞ்சிட்டுப் போயிருக்குது. சின்ன வெங்காயத்த நறுக்கித் தேய். எரியும். எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

தேய்த்தேன். எரிந்தது. அந்த வாரம் முழுக்க என் முகத்தில் சாம்பார் வாசனை. மீசை வளரவில்லை, பசிதான் வளர்ந்தது. வெங்காயத்துக்குப் பயந்தோ என்னவோ, வலது பக்கம் முழுதாகவே கிளம்பிப் போய்விட்டது. இடது பக்கம் மட்டும் பழைய கம்பீரத்தோடு காதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. முழுசாக எடுத்துவிடு என்று நண்பன் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. இடது பக்கம் என்ன பாவம் செய்தது? பீரோவுக்கு அடியிலிருந்து பழைய மாஸ்க்கைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். இருமல் இல்லாத மனிதன் மாஸ்க் போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

எங்கள் ஊரில் வதந்திக்கும் மூன்று ஷிப்ட். முதல் ஷிப்டில் நான் ஏதோ கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மீசையைக் காணிக்கை கொடுத்துவிட்டதாகக் கிளம்பியது. இரண்டாவது ஷிப்டுக்கு அதைக் கைமாற்றியபோது, பெரிய சினிமாவில் சான்ஸ் கிடைத்து, டைரக்டர் எடுக்கச் சொல்லிவிட்டார் என்றாயிற்று. நைட் ஷிப்ட்காரர்களுக்குத் தூக்கத்தை விரட்ட நல்ல கதையாக வேண்டும். அவர்கள் செய்ததுதான் நின்றது. தூங்கிக்கொண்டே இருந்த பொண்டாட்டி ஒரு நாள் எழுந்தாளாம். அன்றைக்குப் பார்த்துப் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தானாம். பிளேடை எடுத்து ஒரு பக்கத்தை வழித்துவிட்டு, திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டாளாம்.

மறுக்கவே முடியாத கதை. முதல் பாதியை நானே இத்தனை வருஷமாகச் சொல்லி, மரத்தடியில் நடித்தும் காட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் என் மனைவி சந்தையிலிருந்து வழக்கத்தைவிடப் பெரிய பையோடு வந்தாள். காய்கறிக்கடைக்காரம்மா கொத்தமல்லி, கறிவேப்பிலை, கூடவே ஒரு முருங்கைக்காய்க் கட்டு எல்லாவற்றையும் சும்மாவே போட்டு, "நல்லா செஞ்சக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"நீ இல்லன்னு சொல்லலாம் இல்ல?" என்றேன்.

"அவங்க எங்க மாமா கேட்டாங்க? அவங்களே சொன்னாங்க. நான் கேட்டுக்கினு வந்தேன்."

முருங்கைக்காய் சாம்பார் நன்றாக இருந்தது. எனக்குத்தான் வெங்காய வாசனை வந்ததும் குமட்டியது.

இந்த இடத்தில் சினிமாக்காரர்களிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. எங்கள் ஷிப்ட் பஸ் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஒரு நடிகைக்கு முகம் ஊதினால், "சாப்பாடு ஜாஸ்தி." ஒரு பாடகர் கச்சேரியை ரத்து செய்தால், "தண்ணி." வெயிலில் யாராவது முழுக்கை போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி வந்தால், "திமிரப் பாத்தியா?" அது மாத்திரையால் வந்த வீக்கம் என்றோ, வெயில் பட்டால் தோல் தடிக்கிற வியாதி என்றோ அவர்களே வாயைத் திறந்து சொன்னாலும் எங்கள் பஸ் நம்பாது. "படம் ஓடல, அனுதாபம் தேடுது" என்று தீர்ப்பு வரும். தீர்ப்பு சொல்கிறவர்களில் என் குரல்தான் உரக்கக் கேட்கும், ஏனென்றால் எனக்குத்தான் மீசை இருந்தது. இப்போது பஸ்ஸில் நான் ஏறினால் பேச்சு சட்டென்று நிற்கிறது. பேஷன்ட் வந்துவிட்டால் டாக்டர்கள் கூடிப் பேசுவதை நிறுத்துவார்கள் இல்லையா, அப்படி.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. இடது பக்கமும் பொட்டுப் பொட்டாக உதிரத் தொடங்கியதால் வேறு வழியில்லாமல் முழுக்க வழித்து, மாஸ்க்கையும் கழற்றினேன். கண்ணாடியில் தெரிந்த ஆளை எனக்கு முன்பின் தெரியாது. மறுநாள் மைன்ஸ் கேட்டில் நின்ற வடநாட்டு ஜவானுக்கும் தெரியவில்லை. தினமும் எனக்குத் தலையசைக்கிற மனிதர். அன்றைக்கு என் கேட் பாஸில் இருந்த போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீ இல்ல."

"நான்தான். மீசை போயிடுச்சு."

"மீசை வரட்டும். அப்புறம் உள்ள போ."

பின்னால் வரிசை நீண்டது. நண்பன் வந்து, "இவன்தாங்க அவன்" என்று சாட்சி சொன்ன பிறகுதான் விட்டார். சொந்த வேலைக்குப் போக எனக்கு ஜாமீன் தேவைப்பட்டது. அன்று சாயங்காலமே வடலூருக்குப் பஸ் ஏறினேன். மாறுவேடப் போட்டிக்கு டிரெஸ் வாடகைக்கு விடுகிற கடை அங்கே ஒன்று உண்டு.

"மீசை வேணுங்க."

"புள்ள எந்த கிளாஸுங்க?" என்றார் கடைக்காரர்.

எனக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "மூணாவது."

"இன்னா வேஷம்?"

"தலைவர் வேஷம்."

"எந்தத் தலைவருங்க?"

"மீசை வெச்ச தலைவர்."

கொடுத்தார். ஒட்டுகிற கோந்து தீர்ந்துபோயிருந்தது. "வூட்ல எதனா பசை இருந்தா வெச்சிக் குடுங்க. புள்ள மேடையில ரெண்டு வரி சொல்லிட்டு வந்துடப்போவுது" என்றார். வீட்டில் மேஜைக்கால் ஒட்ட வாங்கிய பசை இருந்தது. மரத்தையே பிடிக்கிற பசை மனிதனைப் பிடிக்காதா என்று நினைத்தேன். மேடையில் விழாமல் நிற்குமா என்று சோதித்துப் பார்க்க, அதோடு வேலைக்குக் கிளம்பினேன். சோறு வடிக்கும்போது என் மனைவி திரும்பிப் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டு கஞ்சியைப் பார்த்தாள்.

கேட்டில் அதே ஜவான். என் மூக்குக்குக் கீழே மூன்றாம் வகுப்பு மீசையைப் பார்த்ததும் சலாம் போட்டு உள்ளே விட்டார். அசல் முகத்தோடு போனவனை நிறுத்தினார், போலி மீசையோடு போனவனுக்கு சலாம். புகழ் என்றால் என்ன என்று எனக்கு யாராவது பாடம் நடத்த வேண்டும் என்றால், அந்தப் பாடம் அந்தக் கேட்டிலேயே முடிந்துவிட்டது.

வெட்டியெடுத்த லிக்னைட் எங்கள் பெல்ட்டில் ஏறி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, தெர்மலுக்குப் போகும். அங்கே எரிந்து கரண்டாகும். பெல்ட் ஓரமாக நடந்து பார்த்துக்கொண்டே போவது என் வேலை. அந்த ஓரத்திலேயே நீளத்துக்கு ஒரு கயிறு ஓடும். பெல்ட்டில் ஆளோ இரும்போ விழுந்தால் யோசிக்காமல் அதை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடித்து அடித்துக் கையில் ஏற்றிய பாடம் அது. என்ன விழுந்தது என்று கை கேட்காது.

பதினோரு மணி வெயில். வேர்வை. மேஜைக்கால் பசை ஒரு பக்கம் நெகிழ்ந்தது. தூசி மூக்கில் ஏறித் தும்மினேன். மீசை பறந்து போய் லிக்னைட்டின் மேல் உட்கார்ந்தது. கறுப்பு மீசை, பழுப்பு நிலக்கரி, தனியாகத் தெரிந்தது. எனக்கு டாட்டா காட்டுவதுபோல ஒரு பக்கம் ஆடிக்கொண்டே நகர்ந்தது.

கை கயிற்றை இழுத்துவிட்டது.

என் பெல்ட் நின்றது. அதற்குப் பின்னால் உள்ள பெல்ட் நின்றது. அதற்கும் பின்னால் உள்ளது நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக நின்று, கடைசியில் தூரத்தில், ஒரு தெருவையே வாரி எடுக்கிற நிலக்கரி வெட்டும் ராட்சதச் சக்கரமும் நின்றது. இவ்வளவு அமைதியை நான் மைன்ஸுக்குள் கேட்டதே இல்லை. அந்த அமைதியில் வாக்கி டாக்கி பேசியது. கண்ட்ரோல் ரூம்.

"கயிறு இழுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"என்னா விழுந்துச்சு? ஆளா?"

"ஆள் இல்ல சார்."

"இரும்பா?"

"இல்ல சார். மீசை."

வாக்கி டாக்கி கரகரத்தது.

"யாரு மீசை?"

"என்னுதுதான் சார். கழண்டுடுச்சு."

அந்த வாக்கி டாக்கி லைன் முழுக்கக் கேட்கும் என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் யாரும் சிரிக்கவில்லை. பட்டனை விட்டுவிட்டுச் சிரித்திருப்பார்கள். பிறகு அடுத்த செக்‌ஷனிலிருந்து என் நண்பனின் குரல் வந்தது: "சார், அது புழுவெட்டுங்க. நான் வெங்காயம் சொல்லியிருக்கேன்."

தேடக்கூட விடவில்லை. பெல்ட்டை ஓட்டச் சொல்லிவிட்டார்கள். மீசை என் கண் முன்னாலேயே தெர்மலுக்குப் போயிற்று. எரிந்து கரண்டாகி, எந்த ஊரில் யார் வீட்டு மிக்ஸியை ஓட்டியதோ. வடலூர்க் கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். வாடகை மீசைக்கு விலையையே போட்டு வாங்கிக்கொண்டார்.

மெமோ வரும் என்று நினைத்துக்கொண்டு என்ஜினியர் முன்னால் நின்றேன். வயதில் என்னைவிடச் சின்னவர். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க. ஸ்கின் டாக்டரா, வேற டாக்டரான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார்.

ஸ்கின் டாக்டரிடமே போனேன். மனைவியும் கூட வந்தாள். இளம்வயது டாக்டரம்மா. விளக்கை வைத்து என் மேலுதட்டைப் பார்த்தார்.

"பூச்சி எல்லாம் இல்லைங்க. உடம்புல கிருமி வந்தா அடிக்கிறதுக்கு ஒரு படை இருக்குது. அது சில பேருக்கு ஆள் தெரியாம, முடியோட வேரையே எதிரின்னு நெனச்சு அடிச்சிடும்."

எனக்கு உடனே புரிந்தது. "கேட்ல நிக்கிற செக்யூரிட்டி உள்ள வேலை செய்யிறவனையே வெளியாளுன்னு நிறுத்துற மாதிரி."

"அதேதான். வீட்டுல யாருக்காவது தைராய்டு இருக்கா?"

"இவளுக்கு இருக்குதும்மா."

டாக்டரம்மா சிரித்தார். "ரத்த சொந்தத்துல கேட்டேன்."

"ரத்த சொந்தந்தாங்க. அத்த பொண்ணு."

அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எதனால வந்ததுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. உடம்பே உடம்ப அடிக்கிதுன்னு சொன்னாங்க. அதனாலதான் அசதி, தூக்கம், குளுருன்னாங்க."

"ஆமா. ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பத்து வியாதிதான். அவருக்கு முடியில, உங்களுக்குத் தைராய்டுல."

நான் மனைவியைப் பார்த்தேன். "எங்கிட்ட நீ இத சொல்லவே இல்லியே."

"சொன்னனே மாமா. பலாமரத்தாண்ட நின்னுக்கினு சொன்னேன். இரு இரு, அத திருப்பி சொல்லு, நல்லா இருக்குதுன்னு போன எடுத்த."

உண்மைதான். "உடம்பே என்ன அடிக்குது மாமா" என்று துண்டைப் போட்டுக்கொண்டு நான் புலம்புகிற ரீல் ஒன்று உண்டு. நன்றாக ஓடியது. துபாயிலிருந்துகூட ஒருவர் கை தட்டியிருந்தார்.

டாக்டரம்மா என் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். மேலுதட்டில் விரலை வைத்து மறைத்துப் பார்த்தார். "நீங்க ரீல்ஸ்ல வர்ற மீசைதானே? ஹாஸ்டல்ல நாங்க எல்லாரும் பாப்போம். தூக்கம் வருது மா..." சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், என் மனைவி மேல் கண் பட்டதும் நிறுத்திக்கொண்டார். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எத்தனையோ ரீலில் என் ஜோக் எடுபடாமல் விழுந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக விழுந்து பார்த்ததில்லை.

பிறகு ஊசி. மூக்குக்குக் கீழே, தோலுக்குள், பொட்டுப் பொட்டாக. ஒவ்வொரு குத்துக்கும் கண்ணில் தண்ணீர், கூடவே தும்மல். மனைவி என் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் அழுத்தியே பிடித்ததாக எனக்குப் பட்டது.

"திரும்ப வளருமா டாக்டர்?"

"வளரலாம். லேட்டாகலாம். வளர்ந்துட்டு மறுபடியும் கொட்டலாம்."

எலெக்‌ஷனில் நிற்பவர்கள்கூட இதைவிடத் தெளிவாக வாக்குக் கொடுப்பார்கள். மனைவிக்கு ரத்தப் பரிசோதனை பண்ணி, மாத்திரை அளவைச் சரிபார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

திறப்பு விழாவுக்கு அசல் முகத்தோடு போனேன். வேறு முகம் கைவசம் இல்லை. கடை வாசலில் வாட்ச்மேன் என்னைக் கூட்டத்தின் பக்கம் கை காட்டி, "டோக்கன் வாங்கிக்கினு லைன்ல நில்லுங்க" என்றார். என் தலைக்கு மேலே லாரி நீளத்துக்கு என் மீசை தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி ஓடி வந்தார்.

"மீசை எங்க சார்?"

"தெர்மலுக்குப் போயிருக்குது."

"விளையாடாதீங்க சார். மீசை இல்லாம நீங்க யாருன்னே ஜனத்துக்குத் தெரியாதே."

ரிப்பன் வெட்டினேன். கடை ஆட்கள் கை தட்டினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "நான்தான் மீசை" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சிரிப்பை வாங்கியதில்லை. சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று, புழுவெட்டு, உடம்புக்குள் இருக்கும் செக்யூரிட்டி, ஆள் தெரியாமல் அடிப்பது எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணிதான் எடுத்தாங்கன்னு சொல்லுய்யா. வெக்கப்படாத."

இன்னொரு குரல்: "அந்த டயலாக்க சொல்லு, நாங்க துணி எடுக்கணும்."

வாயைத் திறந்தேன். டாக்டரம்மாவின் சிரிப்பு நின்ற இடம்தான் ஞாபகத்தில் வந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். முன்வரிசையில் பேத்திக்குப் பாவாடைத் துணியைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இதுக்கா வந்தோம்? மீசைய எடுத்த அந்தப் பொண்ண இட்டாந்திருக்கலாம் இல்ல? நான் அதப் பாக்கத்தான் வந்தேன்" என்றார். கூட்டத்தில் பாதி அதற்குத் தலையாட்டியது.

முதலாளி வியாபாரி. தலையாட்டல்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். என்னை ஓரமாகத் தள்ளிப் போனார். "சார், தீபாவளிக்கு மேடத்த கூட்டிட்டு வாங்க. ஃப்ளெக்ஸ மாத்திடலாம். மேடம் படம் போட்டு, கையில ஒரு பிளேடு..." என்றவர் என் முகத்தைப் பார்த்து, "பிளேடு வேணாம், புடவையே போதும்" என்றார். மேடத்துக்கு என்று ஒரு புடவையும் கொடுத்தனுப்பினார். எனக்கு ஒரு கர்ச்சீப்.

சைக்கிள் ஸ்டாண்டில் நின்று செல்போனைப் பார்த்தேன். வழித்த முகத்தோடு முந்தின நாள் ஒரு ரீல் போட்டிருந்தேன்; பார்த்தவர்கள் கொஞ்சம், சானலை விட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய. மீசை வருமா வராதா என்று டாக்டருக்கே தெரியாது. மீசை இல்லாத என்னை யாருக்கும் தெரியாது. சானல் பிழைக்க வேண்டுமென்றால் இனி அவள் வர வேண்டும். அதை நல்ல காரியமாகவும் பண்ணிவிடலாம் என்று வழி நெடுகத் திட்டம் போட்டுக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

வீட்டில் மனைவி பின்கட்டில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து புடவையை நீட்டினேன். எண்ணெய்க் கை என்று வாங்கவில்லை. ஓரமாக வைக்கச் சொன்னாள்.

"உம் பேரக் கெடுத்தது நான்தான்" என்று ஆரம்பித்தேன். "அத நானே சரி பண்றேன். இனிமே துண்டு, வேஷம் எதுவும் கிடையாது. நீயே வா. தைராய்டுன்னா இன்னா, உடம்பு எப்பிடி இருக்கும், எல்லாத்தையும் உன் வாயால சொல்லு. ஊர்ல எத்தினியோ பொம்பளைங்க உன்ன மாதிரி அசந்து கெடப்பாங்க. அவங்க வூட்டுக்காரனுங்களும் என்ன மாதிரி இருப்பானுங்க. பாத்தா புத்தி வரும். இல்லியா?"

ஒரு சுளையை விதை நீக்கித் தட்டில் வைத்தாள். "எழுதறது யாரு?"

"நான்."

"படம் புடிக்கிறது?"

"நான்தான்."

"எந்தப் பேருல போடுவ?"

"நம்ம சானல்லதான். மீசை."

தலையாட்டினாள். பழத்தட்டை என் பக்கம் நகர்த்தினாள். கையைத் தேங்காய் நாரால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே போய் ஃபேனைப் போட்டு, பாயை விரித்தாள். நான் பின்னாலேயே போனேன். என் கையில் செல்போன் இருந்தது. பழக்க தோஷம், கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவளிடம், "சரின்னு ஒரு வார்த்தை சொல்லேன், அதுவே போதும்" என்றேன்.

"தூக்கம் வருது மாமா."